மறுமுயற்சி எத்தனை, டைம்அவுட் எவ்வளவு? யுடிபி மேல் சொந்தமாக எழுதும் புரோட்டோகாலுக்கு எண்களை எப்படி முடிவு செய்வது?

கம்பிவழி எழுதியது:

வணக்கம். யுடிபி (பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்று தானாகப் பார்க்காத அனுப்பும் முறை) மேல் ஒரு சிறிய புரோட்டோகால், அதாவது கருவிகள் பேசிக்கொள்ளும் விதிமுறை, எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் கேட்வே, மறுபக்கம் ரேடியோவில் பேசும் சுமார் 200 கருவிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பம்ப். கேட்வே "50 மில்லி விடு" என்று கட்டளை அனுப்பும். கருவி அதை வரிசையில் போட்டுக்கொண்டு "ஏற்றேன்" என்று பதில் சொல்லும்.

பாக்கெட்டின் வடிவம், செக்சம், பைட் வரிசை எல்லாவற்றையும் உட்கார்ந்து யோசித்து எழுதினேன். டைம்அவுட்டுக்கும் (பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம்) மறுமுயற்சிக்கும் மட்டும் அவ்வளவு யோசிக்கவில்லை. ஆய்வக மேசையில் பதில் 40 மில்லிசெகண்டில் வந்துவிடும். அதனால் 500 மில்லிசெகண்ட் தாராளம் என்று நினைத்து, அதோடு 3 மறுமுயற்சி என்று போட்டுவிட்டேன்.

களத்தில் வைத்த இரண்டாம் நாளே ஒரு கருவி 50-க்குப் பதில் 150 மில்லி விட்டிருந்தது. கேட்வேயின் லாக் இது:

00.000 கட்டளை 41 அனுப்பப்பட்டது
00.500 பதில் இல்லை, மீண்டும் அனுப்பப்பட்டது
01.000 பதில் இல்லை, மீண்டும் அனுப்பப்பட்டது
01.180 கட்டளை 41: ஏற்றேன்
01.220 கட்டளை 41: ஏற்றேன் (எதிர்பாராதது, ஒதுக்கப்பட்டது)
01.260 கட்டளை 41: ஏற்றேன் (எதிர்பாராதது, ஒதுக்கப்பட்டது)

டைம்அவுட்டை 2 நொடி ஆக்கினால் போதுமா? 5 ஆக்க வேண்டுமா? மறுமுயற்சியை 1 ஆகக் குறைக்கலாமா? எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலைதான். எந்த அடிப்படையில் மாற்றுவது என்றுதான் தெரியவில்லை.

---

நிலாமுற்றம் எழுதியது:

5 நொடி, 3 முறை. நான் பார்த்த முக்கால்வாசி கோடில் இதுதான் இருக்கும். லினக்ஸில் இணையப் பெயருக்கு முகவரி தேடும் டிஎன்எஸ் ரிசால்வர்கூட இயல்பாக 5 நொடி, 2 முயற்சி. இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். முதலில் இதைப் போட்டு ஓட்டுங்கள், பிரச்சினை வந்தால் அப்புறம் பார்க்கலாம்.

---

பழையசாலிடர் எழுதியது:

தம்பி, எண்ணைத் தொடுவதற்கு முன்னால் லாக்கை இன்னொரு தடவை படியுங்கள். அதில் ஒரு பாக்கெட்டாவது தொலைந்திருக்கிறதா? மூன்று கட்டளையும் போய்ச் சேர்ந்திருக்கின்றன, மூன்று பதிலும் திரும்பி வந்திருக்கின்றன. பதில்களுக்கு இடையே 40 மில்லிசெகண்ட்தான் இடைவெளி. நடுவில் பாக்கெட்டை வாங்கிக் கடத்தும் ஏதோ ஒரு நோடு மூன்றையும் பிடித்து வைத்திருந்து, கருவியின் ரேடியோ விழித்ததும் ஒட்டுமொத்தமாகக் கொடுத்திருக்கிறது. பாட்டரியில் ஓடும் ரேடியோ தூங்கித் தூங்கித்தான் விழிக்கும்.

ஆகவே இங்கே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, நீங்கள் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது ஒன்று. அதே கட்டளை இரண்டு தடவை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சரிசெய்யாமல் முதலாவதற்கு எந்த எண்ணைப் போட்டாலும் இந்தத் தவறு திரும்ப வரும். 5 நொடி போட்டால் எப்போதாவது வரும். எப்போதாவது வரும் தவறைப் பிடிப்பதுதான் கடினம்.

டைம்அவுட் என்றால் "தோற்றது" என்று நம் மனம் எடுத்துக்கொள்கிறது. அதற்கு "இன்னும் தெரியவில்லை" என்பதுதான் பொருள். கட்டளை போகவே இல்லையா, போய் வேலை முடிந்து பதில் மட்டும் தொலைந்ததா, அல்லது இரண்டுமே வழியில் வந்துகொண்டிருக்கின்றனவா? கேட்வேயில் இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும்.

இது பழைய வலி. கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபி என்ற பழைய புரோட்டோகாலில் இப்படித்தான் ஆயிற்று. ஒரு பதில் தாமதமாகும், அனுப்புபவர் பொறுக்காமல் அதே பிளாக்கை மறுபடி அனுப்புவார், வாங்குபவர் இரண்டுக்கும் பதில் சொல்வார், அனுப்புபவர் ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த பிளாக்கை அனுப்புவார். அங்கிருந்து கோப்பு முடியும்வரை எல்லாமே இரண்டு இரண்டாகப் போகும். எதுவும் தொலையவில்லை, ஒரே ஒரு தாமதம்தான். பழைய பதில் மறுபடி வந்தால் அதைப் பார்த்து எதையும் அனுப்பக் கூடாது என்று 1989-இல் ஆர்எஃப்சி 1123 என்ற இணையத் தர ஆவணம் விதி போட்டுத் திருத்தியது.

உங்கள் கட்டளைக்கு 41 என்று எண் இருக்கிறதே, கருவி ஏன் அதைப் பார்க்கவில்லை?

---

கம்பிவழி எழுதியது:

அண்ணா, அந்த எண்ணை லாக்கில் பொருத்திப் பார்ப்பதற்காக மட்டுமே வைத்தேன். கருவி அதை அப்படியே பதிலில் திருப்பி அனுப்பும், வேறொன்றும் செய்யாது. ஏற்கெனவே செய்த எண் என்றால் பம்பைத் தொடாமல் பழைய பதிலையே கொடுக்கும்படி இன்று மாற்றினேன்.

மாற்றிய அரை மணி நேரத்தில் வேறொன்று. கேட்வேயை ரீஸ்டார்ட் செய்தேன், எண் மறுபடி 1-இல் இருந்து தொடங்கியது. கருவி "1-ஐத்தான் நேற்றே செய்துவிட்டேனே" என்று எண்ணிக்கொண்டு "ஏற்றேன்" என்றது. பம்ப் ஓடவில்லை, திரையில் பச்சை. முன்பு மூன்று தடவை விட்டது. இப்போது விடாமலே விட்டதாகச் சொல்கிறது. இது முன்பைவிட மோசமாகப் படுகிறது.

---

பழையசாலிடர் எழுதியது:

மோசம்தான், ஆனால் எளிதில் தீரும். கேட்வே எழும்போதெல்லாம் ஒரு ரேண்டம் எண்ணை அமர்வு எண்ணாக எடுத்துக்கொள்ளட்டும். அமர்வு எண்ணும் கட்டளை எண்ணும் சேர்ந்தால்தான் அடையாளம். 32 பிட் போதும்.

கருவி ரீஸ்டார்ட் ஆனால் எதைச் செய்தோம் என்பதை அது மறந்துவிடும், இதையும் பாருங்கள். கடைசியாக ஏற்ற எண்ணை ஃபிளாஷில் எழுத வேண்டும். பம்பை ஓட்டுவதற்கு முன்பா, பின்பா? முன்பு எழுதினால், நடுவில் மின்சாரம் போகும்போது விடாமல் போகலாம், ஆனால் இரண்டு தடவை விடாது. பின்பு எழுதினால் இரண்டு தடவை விடலாம், ஆனால் விடாமல் போகாது. இரண்டும் வேண்டும் என்றால் பம்பிலேயே ஓட்டத்தை அளக்கும் சென்சார் வேண்டும். உங்கள் திரவத்தில் எது ஆபத்து, கூடுவதா குறைவதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முடிந்தால் கட்டளையின் சொல்லையே மாற்றுங்கள். "50 மில்லி விடு" என்று சொல்லாமல், "இதுவரை விட்ட மொத்தத்தை 350 மில்லிக்குக் கொண்டு வா" என்று சொல்லுங்கள். கருவி தன் கணக்கில் ஏற்கெனவே 350 என்றால் சும்மா இருக்கும். பத்துத் தடவை வந்தாலும் விளைவு ஒன்றுதான். இணையதளங்கள் பயன்படுத்தும் எச்டிடிபி-யில் புட் (இதை இப்படி வை), டெலீட் (இதை அழி) போன்ற கட்டளைகளைத் தயங்காமல் மறுபடி அனுப்பலாம், போஸ்ட்டை (புதிதாக ஒன்றைச் சேர்) அப்படி அனுப்பக் கூடாது என்று சொல்வதற்குக் காரணமும் இதே வேறுபாடுதான்.

பழைய எண்களை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது என்று அடுத்து கேட்பீர்கள். கடைசி மறுமுயற்சி புறப்பட்ட பிறகும் அது வழியில் எவ்வளவு நேரம் உலவ முடியுமோ அவ்வளவு நேரம். இதே மாதிரி சிறு கருவிகளுக்காக எழுதிய கோஆப் புரோட்டோகால், ஆர்எஃப்சி 7252, இதைக் கணக்குப் போட்டே காட்டுகிறது. முதல் அனுப்பலில் இருந்து கடைசி அனுப்பல் வரை அதிகபட்சம் 45 நொடி. வழியில் ஒரு பாக்கெட் 100 நொடி வரை உலவலாம் என்று வைத்து, போக 100, வர 100. கருவி யோசிக்க 2. ஆக 247 நொடி. அதற்குள் அதே எண்ணை வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

---

எண்கணக்கு எழுதியது:

மறுபடி செய்தாலும் கெடாத நிலைக்கு வந்துவிட்டீர்கள். இனி "எவ்வளவு நேரம்" என்பதைப் பேசலாம். 500-ஆ, 2000-ஆ, 5000-ஆ என்று ஒரே எண்ணைத் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் இருக்கும் கருவி 40-இல் பதில் சொல்லும். நோடு விட்டு நோடாக மூன்று தாவலுக்கு அப்பால் தூங்கும் கருவி 1180-இல் சொல்லும். இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால் ஒன்றுக்கு அவசரம், மற்றொன்றுக்கு அலுப்பு.

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவில், சுமார் 400 கஜ தூரத்தில், இணைய வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டில் இருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. வேன் ஜேகப்சன் அதை ஆராய்ந்து 1988-இல் எழுதிய கட்டுரையில் இருந்துதான் தொலைந்த பாக்கெட்டைத் தானே மறுபடி அனுப்பும் டிசிபி இன்று பயன்படுத்தும் டைம்அவுட் கணக்கு வந்தது. பழைய கணக்கு சராசரி நேரத்தை எடுத்து இரண்டால் பெருக்கியது. நெரிசல் கூடும்போது சராசரியைவிட ஏற்ற இறக்கம்தான் வேகமாக வளரும், பழைய கணக்கு அதைக் கவனிக்கவில்லை. அதனால் நலமாகப் போய்க்கொண்டிருந்த பாக்கெட்டுகளையே தொலைந்ததாக எண்ணி மறுபடி அனுப்பி, நெரிசலை மேலும் கூட்டினார்கள். உங்கள் லாக்கில் நடந்ததும் இதேதான், அளவுதான் சிறியது.

கணக்கு இப்போது ஆர்எஃப்சி 6298-இல் இருக்கிறது. உங்கள் எண்களையே போட்டுக் காட்டுகிறேன்.

முதல் அளவீடு 40. சராசரி = 40, ஏற்ற இறக்கம் = அதில் பாதி, 20. டைம்அவுட் = சராசரி + 4 × ஏற்ற இறக்கம் = 40 + 80 = 120.

அடுத்த அளவீடு 1180 வருகிறது. முதலில் ஏற்ற இறக்கம்: பழையதில் முக்கால் (15), புதிய வித்தியாசத்தில் கால் (1140-இல் கால் 285). ஆக 300. பிறகு சராசரி: பழையதில் எட்டில் ஏழு (35), புதியதில் எட்டில் ஒன்று (147.5). ஆக 182.5. டைம்அவுட் = 182.5 + 1200 = 1382.5.

ஒரே ஒரு தாமதமான பதிலைப் பார்த்ததும் சராசரி 182-ஐத்தான் எட்டியது. ஆனால் டைம்அவுட் 1180-ஐத் தாண்டிப் போய் நின்றுவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தியது முழுக்க ஏற்ற இறக்கம்தான். நிலைமை சீரானால் தானே மெல்ல இறங்கும். இந்தக் கணக்கை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அவ்வளவு அழகாக இருந்தது.

கீழே எவ்வளவு வரை இறங்கலாம் என்றும் ஒரு தரை வேண்டும். ஆர்எஃப்சி 1 நொடி என்கிறது, லினக்ஸ் 200 மில்லிசெகண்ட் வைத்திருக்கிறது. ரேடியோ தூங்கும் உங்கள் இடத்தில் தூக்க இடைவெளிக்குக் கீழே இறங்குவது வீண். இன்னும் ஒரு அளவீடுகூட இல்லாத முதல் கட்டளைக்கு டிசிபி 1 நொடியில் தொடங்கும். 2011-க்கு முன்பு அது 3 நொடி. கோஆப் 2 முதல் 3 நொடிக்குள் தொடங்கும். நீங்கள் கோஆப் பக்கம் போங்கள்.

---

நிலாமுற்றம் எழுதியது:

நான் சொன்ன 5 நொடியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், லாக்கைச் சரியாகப் படிக்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். கேட்வேயில் இது சரி. கருவியும் கேட்வேக்குத் தானாகச் செய்தி அனுப்பும் என்றால் அங்கும் இந்தக் கணக்கு வேண்டுமே? சிறிய மைக்ரோகண்ட்ரோலரில் தசம எண் கணக்கு பெரிய சுமை.

---

எண்கணக்கு எழுதியது:

தசமம் வேண்டவே வேண்டாம். எட்டில் ஒன்று, நான்கில் ஒன்று என்று எடுத்ததே அதற்காகத்தான், வலப்பக்கம் 3 பிட், 2 பிட் தள்ளினால் முடிந்தது. சராசரியை 8 மடங்காகவும் ஏற்ற இறக்கத்தை 4 மடங்காகவும் பெருக்கியே சேமித்து வைத்தால் மீதியும் தொலையாது. கருவிக்கு இரண்டு முழு எண்கள், அவ்வளவுதான் செலவு.

அதைவிட முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். லாக்கில் 01.180-இல் பதில் வந்தது. அது எந்த அனுப்பலுக்கான பதில்? முதல் அனுப்பலுக்கு என்றால் 1180. மூன்றாவதற்கு என்றால் 180. தவறுதலாக 180 என்று எடுத்துக்கொண்டால் டைம்அவுட் குறையும், இன்னும் சீக்கிரம் மறுபடி அனுப்புவீர்கள், இன்னும் தவறான அளவீடு கிடைக்கும். மறுபடி அனுப்பிய எதையும் அளவீட்டில் சேர்க்காதே என்பது கார்ன் வகுத்த விதி. சேர்க்காமல் விடும்போது, பதில் வராத ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாக்கி வந்த டைம்அவுட்டையே அடுத்த கட்டளைக்கும் வைத்திருக்க வேண்டும், புதிதாக ஒரு சுத்தமான அளவீடு கிடைக்கும் வரை. இந்த இரண்டாம் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

புரோட்டோகால் உங்கள் கையில் இருப்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. பாக்கெட்டில் "இது எத்தனையாவது அனுப்பல்" என்று ஒரு பைட் சேருங்கள். கருவி அதையும் திருப்பி அனுப்பட்டும். எந்த அனுப்பலுக்கான பதில் என்று ஐயமே இருக்காது.

---

நள்ளிரவுப்பணி எழுதியது:

இதுவரை ஒரு கேட்வே, ஒரு கருவி என்றே பேசுகிறோம். நான் எதிர்ப்பக்கம் வேலை பார்ப்பவள். ஆயிரக்கணக்கான கருவிகள் வந்து மோதும் சர்வர் பக்கம்.

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த இடத்தில் ஒரு சர்வர் காலையில் விழுந்தது. காரணம் சிறியது, டிஸ்க் நிரம்பிவிட்டது. ஐந்து நிமிடத்தில் சரிசெய்து மேலே கொண்டு வந்தோம். உடனே மறுபடி விழுந்தது. கருவிகள் எல்லாம் ஒரே நொடியில் இணைப்பை இழந்தவை, எல்லாமே சரியாக 10 நொடிக்கு ஒரு தடவை முயன்றன. கிராஃபில் பத்து நொடிக்கு ஒரு கம்பம் நட்டது போல இருக்கும், நடுவில் வெறுமை. அந்தக் கம்பத்தின் உயரத்தை சர்வரால் தாங்க முடியவில்லை. சராசரியாகப் பார்த்தால் சுமை பாதிகூட இல்லை. கடைசியில் ஃபயர்வாலில் கருவிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டமாக உள்ளே விட்டோம். அன்று காலை முழுக்க அதிலேயே போயிற்று. கருவிக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரில் ஒரு வரி ரேண்டம் இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று இன்றும் எனக்கு ஆதங்கம்தான்.

கம்பிவழி, உங்கள் 200 கருவிகளும் ஒரே மின் இணைப்பில் இருந்தால், மின்சாரம் போய் வரும்போது இதேதான் நடக்கும். ரேடியோவில் இன்னும் மோசம், ஒன்றின் மேல் ஒன்று மோதி யாருடையதும் கேட்காது. காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்குங்கள், அதோடு ரேண்டமும் கலக்குங்கள். இரட்டிப்பு மட்டும் போதாது. எல்லாரும் சேர்ந்து இரட்டித்தால் கம்பங்கள் தள்ளித் தள்ளி வருமே தவிர உயரம் குறையாது. 0 முதல் அந்தச் சுற்றின் உச்ச நேரம் வரை எங்கே வேண்டுமானாலும் விழும்படி ரேண்டம் எடுப்பது எனக்குப் பிடித்த முறை, ஆனால் அது மறுபடி இணைவதற்கு. பதிலுக்குக் காத்திருக்கும் டைம்அவுட்டில் அப்படிச் செய்தால் சில சமயம் பதில் வரும் முன்பே அனுப்பிவிடும். அங்கே கோஆப் போல 1 முதல் 1.5 மடங்குக்குள் எடுப்பதுதான் சரி.

2003-இல் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தின் நேர சர்வரைத் தாக்கிய வெள்ளமும் இப்படிப்பட்டதுதான். வீட்டு ரூட்டர்களின் ஃபர்ம்வேரில் அந்த சர்வரின் முகவரியை அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். பதில் வராவிட்டால் நொடிக்கு ஒரு தடவை, பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு என்றும் எழுதியிருந்தார்கள். சர்வர் திணறத் திணறக் கேள்விகள் கூடின. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, உச்ச வரம்பு என்று ஒன்றை எழுதாமல் விட்டதுதான் காரணம்.

இன்னொன்று, மறுமுயற்சி எத்தனை அடுக்கில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். திரையில் இருக்கும் செயலி 4 தடவை முயலும், அதன் கீழே இருக்கும் லைப்ரரி ஒவ்வொன்றுக்கும் 4, கேட்வே ஒவ்வொன்றுக்கும் 4. கருவிக்கு 64 பாக்கெட் போகும். ஏதாவது ஒரு அடுக்குதான் மறுபடி முயல வேண்டும், மற்றவை தோல்வியை அப்படியே மேலே சொல்லிவிட வேண்டும்.

---

கம்பிவழி எழுதியது:

எண்ணிப் பார்த்தேன் அக்கா. செயலி 3, கேட்வே 4, ரேடியோ சிப் தன் அளவில் ஒவ்வொரு தாவலுக்கும் 3. சிப் செய்வது எனக்குத் தெரியவே தெரியாது, டேட்டாஷீட்டைத் திறந்துதான் பார்த்தேன். செயலியில் இருப்பதை எடுத்துவிட்டேன்.

சரி, அப்படியென்றால் கேட்வேயில் எத்தனை தடவை? இதற்குத்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை.

---

பழையசாலிடர் எழுதியது:

"எத்தனை தடவை" என்பதை விட்டுவிட்டு "எதுவரை" என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்காக யார் காத்திருக்கிறார்? எத்தனை நொடிக்குப் பிறகு அந்தப் பதில் அவருக்குப் பயன்படாது?

தொலைபேசி அழைப்புக்கான எஸ்ஐபி அரை நொடியில் தொடங்கி, யுடிபி-யில் 32 நொடியில் அழைப்பைக் கைவிடும். காதில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் யார் நிற்பார்? மின்னஞ்சலுக்கான எஸ்எம்டிபி-யோ அரை மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளியில், குறைந்தது 4, 5 நாள் முயலச் சொல்கிறது. கடிதத்துக்கு அவசரம் இல்லை, தொலைந்தால்தான் பிரச்சினை. லினக்ஸில் டிசிபி இணைப்பு தொடங்கும்போது 2023 வரை இயல்பாக 6 மறுமுயற்சி, 1, 2, 4 என்று இரட்டித்து 127 நொடியாக இருந்தது. எல்லாம் ஒரே கேள்விக்கான பதில்கள், கேட்பவர் மட்டும் வேறு வேறு. ஆகவே நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். எண்ணிக்கை அதில் இருந்து தானே வரும்.

---

நள்ளிரவுப்பணி எழுதியது:

இதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன் அண்ணா. சர்வர்கள் நடுவே பேசும்போது நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் பாட்டரிக் கருவியில் ஒவ்வொரு அனுப்பலுக்கும் மின்சாரச் செலவு. இணைப்பு ஒரு நாள் முழுக்க இல்லை என்றால், "இன்னும் நேரம் இருக்கிறது" என்று அனுப்பிக்கொண்டே இருந்து பாட்டரியைக் காலி செய்துவிடும். அங்கே எண்ணிக்கைதான் முதல் வரம்பு. நேரம் இரண்டாவது.

---

எண்கணக்கு எழுதியது:

இரண்டையும் வையுங்கள், எது முதலில் வருகிறதோ அதில் நிறுத்துங்கள். எண்ணிக்கைக்கு ஒரு கணக்கும் போடலாம். போகும் வழியில் 10 சதவீதம், வரும் வழியில் 10 சதவீதம் தொலைகிறது என்று வையுங்கள். இரண்டும் நலமாக நடக்க 0.9 × 0.9 = 0.81. ஒரு முயற்சி தோற்க 0.19. நான்கு அனுப்பலும் தோற்க 0.19-இன் நான்காம் அடுக்கு, சுமார் 0.0013, ஆயிரத்தில் ஒன்றைவிடச் சற்று கூடுதல். ஐந்தாவது சேர்த்தால் பத்தாயிரத்தில் இரண்டு, மூன்று.

ஆனால் இது ஒவ்வொரு இழப்பும் தனித்தனி என்று வைத்துப் போட்ட கணக்கு. ரேடியோவில் இழப்பு கொத்தாகத்தான் வரும். ஏதோ குறுக்கீடு 3 நொடி நீடித்தால், அந்த 3 நொடிக்குள் 4 தடவை அனுப்பினாலும் 10 தடவை அனுப்பினாலும் ஒன்றுதான். இரட்டிப்பு நெரிசலைக் குறைப்பதோடு இந்த வேலையையும் செய்கிறது, முயற்சிகளை அந்தக் கொத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது.

---

நிலாமுற்றம் எழுதியது:

பேசாமல் டிசிபி பயன்படுத்தினால் இந்தத் தலைவலியே இல்லையே?

---

பழையசாலிடர் எழுதியது:

இருக்கும், இடம்தான் மாறும். இணைப்பு நடுவில் அறுந்தால் லினக்ஸ் இயல்பாக 15 தடவை மறுபடி அனுப்பும், அது குறைந்தது 924 நொடி, கால் மணி நேரத்துக்கும் மேல். அதுவரை உங்கள் செயலிக்கு ஒன்றும் தெரியாது. அனுப்ப எதுவும் இல்லாமல் பதிலுக்காக மட்டும் காத்திருந்தால் அதுகூட நடக்காது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவை இயக்கியிருந்தாலும் முதல் சோதனையே 2 மணி நேரம் கழித்துத்தான். பயனர் டைம்அவுட் என்று சாக்கெட்டில் ஒரு அமைப்பு இருக்கிறது, அதில் இந்தக் கால் மணி நேரத்தைக் குறைக்கலாம். ஆனால் எவ்வளவுக்கு என்று முடிவு செய்ய மறுபடி இதே இழைக்குத்தான் வர வேண்டும்.

---

கம்பிவழி எழுதியது:

இரண்டு வாரம் ஆயிற்று. இப்போது ஆவணத்தில் எழுதியிருப்பது:

கட்டளை கொடுப்பவர் திரையைப் பார்த்தபடி நிற்பார், 30 நொடிக்கு மேல் நிற்க மாட்டார். ஆகவே மொத்த வரம்பு 30 நொடி. அளவீடு இல்லாதபோது முதல் டைம்அவுட் 2 நொடி, 1 முதல் 1.5 மடங்கு ரேண்டம், ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பு, 3 மறுமுயற்சி. அதிகபட்சமாகப் பார்த்தால் 0, 3, 9, 21-ஆம் நொடிகளில் புறப்படும். கடைசிக்கு 9 நொடி காத்திருப்பு மிஞ்சும். அளவீடு கிடைத்த பிறகு எண்கணக்கு சொன்ன கணக்கு, தரை 1500 மில்லிசெகண்ட், ஏனென்றால் ரேடியோ 1.2 நொடிக்கு ஒரு தடவை விழிக்கிறது. பழைய எண்களைக் கருவி 5 நிமிடம் நினைவில் வைக்கும். கட்டளை "மொத்தத்தை இவ்வளவுக்குக் கொண்டு வா" என்று மாறிவிட்டது.

நேற்றைய லாக்கில் ஒரு பகுதி:

00.000 கட்டளை 7 அனுப்பல் 1
02.310 பதில் இல்லை, அனுப்பல் 2
02.950 கட்டளை 7 அனுப்பல் 1: ஏற்றேன், மொத்தம் 350
03.640 கட்டளை 7 அனுப்பல் 2: ஏற்கெனவே ஏற்றது, மொத்தம் 350

இரண்டாவது வரி இன்னும் அவசரம்தான், ஆனால் பம்ப் ஒரே தடவைதான் ஓடியது.

இரண்டு இடங்களில் இன்னும் தடுமாறுகிறேன். ஒரு நாள் கேட்வேயின் கடிகாரம் நேர சர்வரோடு ஒத்துக்கொண்டபோது 40 நொடி முன்னால் தாவியது, நிலுவையில் இருந்த எல்லாக் கட்டளைகளும் அந்தக் கணமே டைம்அவுட் ஆயின. இரண்டாவது, 30 நொடி முடிந்ததும் திரையில் என்ன காட்டுவது?

---

நள்ளிரவுப்பணி எழுதியது:

முதலாவது: டைம்அவுட்டுக்கு நாள்காட்டி நேரத்தைத் தொடாதீர்கள். முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கடிகாரம் எல்லா இயங்குதளத்திலும் இருக்கிறது. அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டாவதற்கு முன் ஒன்று. 30 நொடியில் கேட்வே கைவிடுகிறது, ஆனால் 21-ஆம் நொடியில் புறப்பட்ட பாக்கெட் நடு நோடில் கிடந்து 50-ஆம் நொடியில் கருவிக்குப் போகலாம். அதற்குள் அந்த மனிதர் கையாலேயே பம்பைத் திறந்திருக்கலாம். ஆகவே "இன்னும் இத்தனை நொடி வரை செல்லும்" என்று பாக்கெட்டிலேயே எழுதுங்கள். கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாது, அதனால் மணியாக எழுதாமல் மிச்ச நேரமாக எழுத வேண்டும். ஒவ்வொரு நோடும் தான் பிடித்து வைத்த நேரத்தைக் கழித்து அனுப்பட்டும், பூஜ்யம் ஆனால் எறிந்துவிடட்டும்.

---

பழையசாலிடர் எழுதியது:

திரையில் "தோல்வி" என்று போடாதீர்கள் தம்பி. அதைப் பார்த்ததும் மறுபடி பொத்தானை அழுத்துவார், புதிய கட்டளை எண் பிறக்கும், நாம் இவ்வளவு நேரம் கட்டியதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். "உறுதியாகவில்லை, கருவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்று மஞ்சளில் காட்டுங்கள். பின்னணியில் நிமிடத்துக்கு ஒரு தடவை "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேளுங்கள், அதைக் கேட்பதால் எதுவும் கெடாது. பதில் வந்ததும் பச்சையோ சிவப்போ ஆக்குங்கள். மஞ்சளாக இருக்கும்வரை அந்தக் கருவிக்கான பொத்தான் வேலை செய்யக் கூடாது.

---

கம்பிவழி எழுதியது:

பொத்தானை மூடிவிட்டேன். மஞ்சள் நிலையில் "மொத்தம் எவ்வளவு?" கேள்விக்கும் ரேண்டம் கலந்திருக்கிறேன், 50 முதல் 70 நொடிக்குள். மிச்ச நேரத்துக்கு பாக்கெட்டில் ஒரு பைட் ஒதுக்கினேன், நொடிக் கணக்கில் 255 வரை போகும், எங்களுக்கு 30 போதும். நாளை மின்சாரத்தை நிறுத்தி 200 கருவிகளையும் ஒரே நேரத்தில் எழுப்பிப் பார்க்கப் போகிறோம். லாக்கை இங்கே போடுகிறேன்.